நகலில் பிறந்தது

மத்தியானம் மூன்று பத்துக்கு வந்த குறுஞ்செய்தியில் ஒரே ஒரு சொல்தான் தப்பு. 'உங்கள் குழந்தை அஅஅஅ-வுக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி நாளை காலை பத்து மணிக்கு. தவறாமல் அழைத்து வரவும்.' அதற்கு ஒரு நிமிடம் முன்னால் இன்னொரு செய்தி வந்திருந்தது. அது தங்கையின் இரட்டைக் குழந்தைகளில் மூத்தவனுக்கு, பெயர் முதல் முற்றுப்புள்ளி வரை ஒழுங்காக. இளையவளுக்கு வந்ததில்தான் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நாலு 'அ' வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தன.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்குக் காட்டியிருப்பார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாலு எழுத்தையும் தட்டியது அவளுடைய விரல். அது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

தங்கை பிள்ளைகளின் தடுப்பூசிச் செய்தி இவள் கைபேசிக்கு ஏன் வர வேண்டும் என்றால், தங்கை வீட்டுச் சங்கதி ஒன்றுகூடத் தன் காதுக்குத் தப்பக் கூடாது என்று இரண்டாவது தொடர்பு எண்ணாகத் தன் எண்ணைத் தானே எழுதிக்கொண்டவள் அவள். அவள் தெருவில் அவளுக்கு 'சர்வர் அக்கா' என்று பெயர். எந்த ஓட்டலில் என்று கேட்டவர்களும் உண்டு, மிச்சம் மீதி வீட்டுக்குக் கொண்டு வருவதுண்டா என்று விசாரித்தவர்களும் உண்டு. உண்மையில் அவள் வேலை ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் பதிவுகள் மொத்தமும் இருக்கும் இரண்டு இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது. ஒன்று ஆஸ்பத்திரியின் நிலவறையில் இருந்தது. அதுதான் மூலம். இன்னொன்று தெருவுக்கு எதிர்ப்புறக் கட்டடத்தில், அவள் முதுகுக்குப் பின்னாலேயே கண்ணாடிக் கதவுக்குள் இருந்தது. அது நகல். மூலத்தில் யார் எதை எழுதினாலும் கண் மூடித் திறப்பதற்குள் நகலும் அதையே எழுதிக்கொள்ளும், மாமியார் சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் புது மருமகள் மாதிரி. மூலம் என்றைக்காவது மண்டையைப் போட்டால் நகலை எழுப்பி அந்த நாற்காலியில் உட்காரவைக்க வேண்டியது. இந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு விரதம்தான்: நகலில் யாரும் நேரடியாகக் கை வைக்கக் கூடாது.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். ஒன்பது மாதமாக அவள் மடியில் ஒரு கனம் இருந்தது.

தங்கை பிரசவ அறையில் இருந்த அன்று நடந்தது அது. முதலாவது பிறந்து பதிவும் ஏறிவிட்டது. இரண்டாவதுக்குக் காத்திருந்த இருபது நிமிடத்தில் இவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கால் ஆடுகிறது, நகம் பல்லுக்குப் போகிறது, விரல் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. புதிதாக வந்த பிறப்புப் படிவம் சரியாகச் சேமிக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள், அதையாவது பார்ப்போம் என்று திறந்தாள். தாயின் எண் என்று கேட்டது. மனதில் இருந்ததே தங்கையின் எண்தான், அதையே போட்டாள். பெயர்: அஅஅஅ. எடை: 0. நீளம்: 99. பிறந்ததும் அழுததா: இல்லை. சேமித்தாள். சேமித்த பிறகுதான் திரையில் அந்த ஜன்னலின் மேல்விளிம்பைப் பார்த்தாள். அது சோதித்துப் பார்ப்பதற்கென்றே தனியாக வைத்திருந்த இயந்திரத்தின் ஜன்னல் இல்லை, நகலினுடையது.

அழிக்கக் கை போவதற்குள் பிரசவ அறையிலிருந்து போன். "பொண்ணு! ரெண்டாவது பொண்ணு!" அதே நொடியில் மூலம் அந்தப் பெண்ணுக்கு அடுத்த பதிவு எண்ணை, நகலில் அஅஅஅ பிடித்துக்கொண்ட அதே எண்ணை, கொடுக்க, நகல் திடுக்கிட்டு நின்றது: 'இந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு குழந்தை இருக்கிறது.' என்ன செய்வது? இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நகல் முரண்டு பிடித்தால் அந்த ஒரு பதிவை மட்டும் தாண்டிவிட்டு மேலே ஓடு என்று ஒரு கட்டளை கொடுப்பார்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. அவளும் கொடுத்தாள். தெருவைத் தாண்டி ஓடி, ஆஸ்பத்திரி மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறினாள். சிட்டு என்று அந்தப் பெண்ணுக்குச் செல்லப்பெயர் வைத்ததே அவள்தான். நீட்டிய ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது அந்தப் பொடி.

'அப்புறம்' மட்டும் வரவில்லை. தினசரி சாயங்காலம் இரண்டு இயந்திரத்திலும் எத்தனை குழந்தைகள் என்று எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணிக்கை ஒரு நாளும் பிசகவில்லை. பிசகாது. நகலில் ஒரு குழந்தை குறைவு, ஒரு குழந்தை அதிகம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் தெரியும், பூசணிக்காயை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறொன்றை வைத்தால் யாருக்குத் தெரியும்?

இன்று காலை பதினொன்று நாற்பதுக்கு, நிலவறையில் குழாய் வெடித்து, மூலம் செத்துப்போனது.

ஈரச் சுவர் வாடையும் கருகிய வயர் வாடையும் கலந்து தெருவைத் தாண்டி வந்தன. நெட்வொர்க் வேலை பார்க்கும் பெரியவர், எப்போதும் தோளில் ஒரு சுருள் கம்பியோடு திரிவதால் கேபிள் மாமா, முழங்கால்வரை நனைந்து வந்து, "அதுக்கு உயிர் இல்லம்மா, இதை எழுப்பிவிடு" என்றார். அவள் எழுப்பினாள். முதுகுக்குப் பின்னால், இத்தனை நாள் ஒரே சீராக ஓடிய விசிறிச் சத்தம் ஒரு தரம் நின்று, நீளமாக ஒரு மூச்சு இழுத்து, வேறு சுருதியில் மறுபடி தொடங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு பதிவுகூட நஷ்டமில்லை என்று மேலாளர் கூட்டம் கூட்டிச் சொன்னார். அவளும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள். அந்த நாலு எழுத்து அப்போது அவளுக்கு ஞாபகமே இல்லை.

இப்போது கைபேசியைக் கவிழ்த்துவைத்தாள். நிமிர்த்தினாள். சரி, ஒரே ஒரு வரி, யாருக்கும் தெரியாமல் திருத்திவிட்டால் தீர்ந்தது. திருத்தப் போனால் பூட்டு. கேபிள் மாமா புது நகல் ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

"ஆறு மணி வரைக்கும் பழைய பதிவு எதையும் தொட முடியாதும்மா. நகல் ஏறிட்டு இருக்கு. என்ன அவசரம்?"

"ஒரு குழந்தை பேர்ல எழுத்துப்பிழை, மாமா."

"எழுத்துப்பிழைக்கா மூஞ்சி இப்படி வெளுத்துக் கிடக்கு? ஆறு மணிக்கு நானே போன் பண்றேன். சரியான விவரத்தைக் கையில வச்சுக்கோ. எல்லாக் கட்டத்தையும் ரொப்பினாத்தான் ஏத்துக்கும், ஒண்ணு விட்டாலும் திருப்பி அனுப்பிடும்."

சரியான விவரம் காகிதத்தில் இருக்குமே. பதிவறைக்குப் போனாள். பழைய காகிதமும் பூச்சி மருந்தும் மணக்கும் அந்த அறையில் முப்பது வருடமாக உட்கார்ந்திருக்கும் பதிவறை அம்மா, ஒன்பது மாதத்துக்கு முந்தைய பெரிய பேரேட்டைப் பிரித்து, நாவில் விரலை நனைத்து நனைத்துப் பக்கம் தள்ளி, ஒரு வரியில் நகத்தை வைத்தாள். பிரசவ அறை நர்சின் சாய்ந்த கையெழுத்து. ஒன்பது மாதத்தில் வெளிறிய நீல மை. எடை 0. நீளம் 99. அழுதது: இல்லை.

"இதை யார் எழுதினது?"

"நர்ஸ்தான், வேற யாரு? ஓ, இதுவா!" அந்த அம்மா கன்னத்தில் கைவைத்துச் சிரித்தாள். "அந்த நீளக் குழந்தைதானே. மறக்க முடியுமா கண்ணு, தூக்கிட்டு வந்தப்போ துணி பத்தாம ரெண்டு துணியில சுத்தினோமே. உன் தங்கச்சி பொண்ணுதானே அது? நல்லா இருக்கா?"

அந்த மை அவள் தட்டியதைப் பார்த்து எழுதிய மை இல்லை. காகிதம் இயந்திரத்தைப் பார்த்து எழுதவில்லை, காகிதத்தைப் பார்த்துத்தான் இயந்திரம். அப்படித்தான் அவள் இத்தனை வருடம் நினைத்திருந்தாள். மூலம் எது என்று முடிவானதும் மற்றதெல்லாம் அதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும், அதுதானே ஏற்பாடு. பதினொன்று நாற்பதுக்கு முடிவாகிவிட்டது. காகிதம் வந்து சேர்ந்துவிட்டது. பதிவறை அம்மா வந்து சேர்ந்துவிட்டாள். ஒருத்தி மட்டும் இன்னும் பின்தங்கியிருக்கிறாள்.

பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் எழுதினாள்: சிட்டு. 2.3. 47. அழுதாள். ஆறு மணிவரை இதை வைத்துக்கொண்டிருந்தால் போதும். ஆறு மணிவரை.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். ஜன்னலோர இருக்கையின் சூடு, முன்னிருக்கைக்காரரின் தைல நெடி, பிரேக் போடும்போதெல்லாம் எங்கோ தளர்ந்த ஒரு தகரத்தின் நடுக்கம். அவள் இரண்டு புள்ளி மூன்று, நாற்பத்தேழு என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்த கிழவர் ஏதோ லாட்டரிச் சீட்டு எண் என்று நினைத்து, "விழுமா?" என்று ஆசையாகக் கேட்டார். கைபேசியில் படங்களைத் திறந்தாள். மூத்தவன் குண்டுவும் சிட்டுவும் ஒரே பாயில் கிடக்கும் படம். குண்டு பளிச்சென்று இருந்தான். பக்கத்தில் இருப்பது படம் எடுக்கும்போது அசைந்துவிட்டது போல, வெளுப்பாக, பாயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கலைந்திருந்தது. அடுத்த படம். அதிலும் அசைந்திருந்தது. அடுத்தது. அதற்கு அடுத்தது. எல்லாவற்றிலும்.

கைபேசியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

தங்கை வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. அந்த வீட்டுக்கு என்று ஒரு பாட்டு உண்டு. கூடத்தில் இரண்டு ஸ்பிரிங் தொட்டில்கள், குண்டு படுத்திருப்பது 'கிரீச்' என்று தடியாக, சிட்டு படுத்திருப்பது 'கீச்' என்று மெலிசாக. கிரீச், கீச். கிரீச், கீச். கீழ்வீட்டுக்காரர் எண்ணெய் போடச் சொல்லிச் சண்டைக்கு வந்தபோது, "குழந்தைகளுக்கு இது தாலாட்டு, உங்களுக்கு வேணும்னா காதுல விட்டுக்கங்க எண்ணெயை" என்று அவர் வாயை அடைத்தவள் அவள். படியேறும்போதே காதைத் தீட்டினாள்.

கிரீச்.

கிரீச்.

நடுவில் எதுவும் இல்லை.

கதவைத் திறந்தது தங்கை புருஷன். "வாங்க, வாங்க. வேலை நேரத்துல வந்திருக்கீங்கன்னா ஏதோ சேதி கிடைச்சிருக்கு. யார் வீட்டுல சண்டை?"

"சிட்டு எங்க?"

"எந்தச் சிட்டு? மாடியில கூடு கட்டுதே, அதுவா?"

அவர் வம்புக்குச் சொல்லவில்லை. முகத்தில் வழக்கமான அந்த அரைச் சிரிப்புத்தான். அவள் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். காய்ச்சிய பால் வாசனை, குழந்தைச் சோப்பு, காயாத துணி. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்து, இரண்டு தொட்டில்களின் நிழலும் சுவரில் ஆடின. இரண்டும்தான் ஆடின. குண்டுவின் தொட்டில் கனத்தில் தொய்ந்து, கிரீச் என்று போய் வந்தது. மற்றதன் ஸ்பிரிங் கொஞ்சம்கூட இழுபடவில்லை. காலிப்பை காற்றில் ஆடுவது போலச் சத்தமில்லாமல் ஆடியது. ஆனால் உள்ளே ஏதோ இருந்தது. துணி மேடும் பள்ளமுமாக, ஒன்றின் மேல் ஒன்றாக, பல மடிப்புகளாக இருந்தது.

தங்கை குளித்த தலையோடு வந்தாள். "என்ன அக்கா, சொல்லாம கொள்ளாம? உட்காரு. ரெண்டும் இப்பத்தான் தூங்குதுங்க."

"ரெண்டும்."

"பின்ன மூணா?"

அவள் தொட்டிலுக்குப் பக்கத்தில் போகவில்லை. எதிர்ச் சுவரோரம் இருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கொடியில் துணி காய்ந்தது. குண்டுவின் சட்டைகள், கை அகலத்துக்கு. நடுவே வேறு சட்டைகள், அதே பூப்போட்ட துணிதான், அவள் வாங்கிக் கொடுத்ததுதான். அவற்றின் கைகள் மட்டும் கொடியிலிருந்து கீழே, கீழே, கிட்டத்தட்டத் தரைவரை தொங்கின. தங்கை ஒட்டுத்துணி வைத்து அழகாக நீட்டித் தைத்திருந்தாள். தையல் பழசாக இருந்தது, பலமுறை துவைத்தது.

"ஏய், உண்மையைச் சொல்லுடி. இவ பொறந்தப்போ எடை எவ்வளவு?"

"எதுக்குக் கேக்கற? ஆஸ்பத்திரி பூராவும் பேசினாங்களே. முள்ளு அசையவே இல்லைன்னு." தங்கை தொட்டிலை எட்டி ஆட்டிவிட்டாள். "எவ்வளவு சமர்த்து தெரியுமா. பொறந்ததிலேர்ந்து ஒரு நாள் அழுததில்ல."

ஐந்து நாற்பது. ஐந்து நாற்பத்தைந்து. கிரீச். கிரீச். அவள் கையை மூடி முட்டியாக்கி மடியில் வைத்திருந்தாள். வியர்த்தது. பிரிக்கப் பயமாக இருந்தது. சிட்டுவின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். மூக்கு. மூக்கு சின்னதாக இருக்கும். கன்னத்தில் ஒரு குழி. இடதா, வலதா? குழி இருந்ததா, அது குண்டுவுக்கா? பிரசவ அறை வாசல் ஞாபகம் வந்தது. நர்ஸ் வருகிறாள். கையில் துணிச்சுருள். துணியை விலக்குகிறாள். இன்னும் விலக்குகிறாள். இன்னும்.

இல்லை. அப்படி இல்லை. இரண்டு புள்ளி ஏதோ. நாற்பது.

ஆறு மணிக்குக் கைபேசி அடித்தது.

"அம்மாடி, பூட்டைத் திறந்துட்டேன். பத்து நிமிஷம்தான், அப்புறம் ரெண்டு மெஷினும் பூட்டிக்கும். சொல்லு. பேரு?"

"சிட்டு."

"அது கூப்பிடற பேருல்ல? எழுதற பேரு சொல்லு."

வாயைத் திறந்தாள். அவள் தேர்ந்தெடுத்த பெயர். தங்கை புருஷனோடு மூன்று நாள் சண்டை போட்டு ஜெயித்த பெயர். இருந்த இடம் தெரிந்தது. பெயர் இல்லை.

"சரி, அதையே போடறேன். எடை?"

கையைப் பிரித்தாள்.

உள்ளங்கையில், அவளுடைய கையெழுத்தில், வியர்வையில் கொஞ்சம்கூடக் கலையாமல் மூன்று வரி. அஅஅஅ. 0. 99. நாலாவது இருந்ததா என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"ரெண்டு..." என்றாள்.

"ரெண்டு?"

"ரெண்டு..."

"குத்துமதிப்பா போட மாட்டேம்மா. குழந்தை சமாச்சாரம். அங்கதானே இருக்கு, பார்த்துச் சொல்லேன்."

"முழிச்சுக்கிட்டா அக்கா," என்றாள் தங்கை பூரிப்போடு. தொட்டிலுக்குள் குனிந்து எடுத்தாள். எடுத்தாள். எடுத்துக்கொண்டே இருந்தாள். தோளுக்கு மேல் போனது. இன்னும் தொட்டிலுக்குள் இருந்தது. "இந்தா, பிடி. காலை மடக்கிப் பிடி, தரையில உரசும்."

ஒரு குழந்தையின் கனத்தைப் பிடிக்க அவள் தயாராகி இருந்ததால், கை இரண்டும் வெறுமனே மேலே போயின.

மடியில் கனமே இல்லை.

சூடும் இல்லை. துணி மட்டும். துணிக்குள் மெல்ல ஏதோ இடம் மாறியது. ஒரு கை வந்தது. நீட்டியிருந்த அவள் ஆள்காட்டி விரலைத் தேடிப் பிடித்தது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்று.

விடவில்லை.

"அம்மாடி? லைன்ல இருக்கியா? எடை என்ன?"

"பூஜ்யம்."

"அட, ஏற்கெனவே அதுதானே இருக்கு! நீளம்?"

"தொண்ணூத்தொம்போது."

"எல்லாம் சரியாத்தானே இருக்கு. இதுக்கா இத்தனை பாடு படுத்தின? பேரையும் பழையபடியே விட்டுடறேன். புது நகலும் ஏறிடுச்சு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வித்தியாசம் கிடையாது." கைபேசி அணைந்தது.

தங்கை பக்கத்தில் முழந்தாளிட்டு உட்கார்ந்து, துணியின் மேல் மடிப்பை விலக்கினாள். குனிந்து முத்தமிட்டாள். "பாருடா கண்ணா, யார் வந்திருக்கான்னு. பெரியம்மா. பெரியம்மாவைப் பாரு."

அன்று அவள் நிரப்பிய படிவத்தில் முகத்துக்கு என்று ஒரு கட்டம் கிடையாது.

தங்கை முத்தமிட்ட அந்த இடம் மெதுவாக அவள் பக்கம் திரும்பியது.